இராமன் விளைவும் வெள்ளி உரைகல்லும்



பிப்ரவரி 28 இந்தியாவில் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்நாளையொட்டி நம் தமிழ்ப்பள்ளிகளிலும் சபைகூடலில் ஒரு மாணவர் மேடையேறி, "கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற தமிழர் சர் சி. வி. இராமன்" என்று மனனம் செய்ததை ஒப்புவிப்பதுண்டு. கைதட்டல் கிடைக்கும். புதிர்ப்போட்டிகளிலும் இதே விடைக்குத்தான் புள்ளி வழங்குகிறோம். அவ்வாசகத்தில் 'தமிழர்' என்பது சரி. 'நோபல் பரிசு' என்பதும் சரி. இடையில் உள்ள கடல்தான் தவறு.

1930-இல் இராமனுக்கு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது, ஒளிச்சிதறல் பற்றிய ஆய்வுக்காகவும் அவர் பெயராலேயே வழங்கும் 'இராமன் விளைவைக்' கண்டறிந்தமைக்காகவும் ஆகும். கடல் அந்தக் கதையின் வாசற்படி மட்டுமே. நாம் பிள்ளைகளை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டுக் கைதட்டி அனுப்பிவிடுகிறோம். உள்ளே இருப்பது ஏழு ஆண்டு உழைப்பு, பல கைகள், அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் ஒரு வெள்ளித் தகட்டின்மேல் நிகழ்ந்த ஒரு வியப்பு. அவ்வியப்பின் பயன் இன்று பாலில் கலந்த நஞ்சையும் பழத்தோலில் ஒட்டிய பூச்சிமருந்தையும் கண்டுபிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்த வரலாற்றை முழுமையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்பதே இவ்விடுகையின் நோக்கம்.

முதலில் கடலை முடித்துவிடுவோம். 1921-இல் இராமன் இங்கிலாந்து சென்றுவிட்டு 'நார்க்குண்டா' என்னும் கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. வானத்தின் நீலம் நீர்ப்பரப்பில் தெரிவதே கடலின் நீலம் என்பது இராலே பிரபு போன்ற பேரறிஞரின் கருத்தாக இருந்தது. இராமன் தம்மிடமிருந்த நிக்கல் பட்டகத்தின் வழியே பார்த்து, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கினார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. ஆகவே நிறம் நீருக்குள்ளிருந்து வருகிறது என்று முடிவு செய்து, பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் அனுப்பினார். (ஆசிரியர்கள் கவனத்துக்கு: நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதோடு, நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதும் கடலின் நீலத்துக்கு முதன்மைக் காரணம் என்பதே இன்றைய விளக்கம். மாணவர் கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.)

கல்கத்தா திரும்பிய இராமன், பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், தம் மாணவர்களைத் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராயும் பணியில் ஈடுபடுத்தினார். 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் நிறுவிய கழகம் அது. 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த இளைஞர் இராமன், அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில் அங்கே ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார். ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர் அவருக்குத் துணை. பின்னர் 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, நிதித்துறை வேலையை விட்டார்.

1923 ஏப்ரலில் அங்கே நடந்ததுதான் இக்கதையின் முதல் திருப்பம். கே. ஆர். இராமநாதன் என்னும் மாணவர் நீர், ஈதர், மெத்தில் சாராயம், எத்தில் சாராயம் ஆகிய திரவங்களில் ஒளி சிதறுவதை அளந்துகொண்டிருந்தார். உள்ளே செலுத்திய ஒளியின் நிறமே சிதறி வெளிவர வேண்டும். ஆனால் மிக மங்கலாக, வேறு நிறமுள்ள ஒளியும் கலந்து வந்தது. திரவத்தில் அழுக்கு இருந்தால் அது ஒளிர்ந்து இப்படி நேரலாம். நம் வீட்டு மஞ்சளைச் சாராயத்தில் கரைத்துப் புறஊதா விளக்கின்கீழ் வைத்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அதைப் போன்றதே இதுவும் என்று கருதப்பட்டது. எனவே இராமநாதன் திரவங்களை மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூய்மைப்படுத்தினார். மங்கிய ஒளி போகவில்லை. 'வலுவற்ற ஒளிர்வு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்துவிட்டால் பொருள் விளங்கிவிட்டது என்று நினைப்பது நம் அனைவருக்கும் உள்ள பழக்கம். இராமநாதன் பிற்காலத்தில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக உயர்ந்த பெரும் அறிஞர். அவரது கண்ணிலும் கையிலும் குறையில்லை. அழுக்குதான் காரணம் என்றால் வடிக்க வடிக்க ஒளி குறைந்திருக்க வேண்டும். அது குறையவில்லை. விளக்கத்துக்கும் விளைவுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. அந்த ஒவ்வாமை இராமனின் மனத்தை விட்டு அகலவில்லை.

இந்த இடத்தில் கே. எஸ். கிருஷ்ணனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் பாடங்களில் அவர் பெயர் வருவதே இல்லை. இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்று, கல்கத்தா சென்று இராமனிடம் சேர்ந்தவர். அவரும் ஏராளமான திரவங்களைத் தூய்மைப்படுத்தி அதே மங்கிய ஒளியைக் கண்டார்.

1927-இன் இறுதியில் அமெரிக்கரான காம்ப்டன் நோபல் பரிசு பெற்றார். எக்ஸ் கதிர் எலக்ட்ரானில் மோதிச் சிதறும்போது அதன் அலைநீளம் மாறுகிறது என்று காட்டியவர் அவர். எக்ஸ் கதிருக்கு நேர்வது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு ஏன் நேரக்கூடாது? இராமன் பழைய புதிரை மீண்டும் கையில் எடுத்தார். 1928 சனவரியில் எஸ். வெங்கடேசுவரன் என்னும் இன்னொரு ஆய்வாளர், தூய்மைப்படுத்திய கிளிசரினிலிருந்து வரும் மங்கிய ஒளி நன்கு முனைவுற்றிருப்பதைக் கவனித்தார். அதாவது அந்த ஒளியின் அலைவு ஒரு திசையில் ஒழுங்குபட்டிருந்தது. சாதாரண ஒளிர்வில் இப்படிப்பட்ட ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. ஆக, 'வலுவற்ற ஒளிர்வு' என்ற பெயர் பொருந்தாது என்பதற்குத் தெளிவான சான்று கிடைத்தது. பிப்ரவரித் தொடக்கம் முதல் கிருஷ்ணன் இரவு பகலாகச் சோதனை செய்தார். அந்த நாள்களின் நிகழ்வுகளைப் பதிந்த அவரது நாட்குறிப்பு இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குப் பெருந்துணையாக உள்ளது.

சோதனையின் அமைப்பு எளிமையானது. தொடக்கப்பள்ளி மாணவருக்கும் விளங்கும். தொலைநோக்கியின் பெரிய வில்லையால் சூரிய ஒளியைக் குவித்தார்கள். அதன் பாதையில் நீல ஊதா நிற வடிகண்ணாடி ஒன்றை வைத்தார்கள். இன்னொரு வடிகண்ணாடி மஞ்சள் பச்சை நிறத்தை மட்டும் விடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எந்த ஒளியும் கடக்காது, இருட்டு. இப்போது முதல் கண்ணாடி வழியாக நீல ஊதா ஒளி மட்டும் திரவத்துக்குள் போகிறது. இரண்டாம் கண்ணாடியைத் திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே வைத்துப் பார்க்கிறார்கள். ஒளி நிறம் மாறாமல் சிதறியிருந்தால் ஒன்றும் தெரியக்கூடாது. ஆனால் மங்கலான ஒரு தடம் தெரிந்தது! மஞ்சள் பச்சை ஒளி உள்ளே செல்லவே இல்லை. ஆகையால் அது திரவத்துக்குள்ளேயே பிறந்திருக்கிறது. ஏறத்தாழ அறுபது திரவங்களைச் சோதித்தார்கள். அத்தனையிலும் அது தெரிந்தது.

வகுப்பில் நீலச் செலோபன் தாளையும் சிவப்புச் செலோபன் தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைத் தாள்கள் முழு இருட்டைத் தராவிட்டாலும், ஒளி பெரிதும் அடைபடுவது தெரியும். இராமன் விளைவு அதில் தெரியாது, ஆனால் கல்கத்தாச் சோதனையின் தருக்கம் விளங்கிவிடும்.

1928 பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கின் ஒளியைப் பயன்படுத்தி நிறமாலைக் கருவியில் பார்த்தபோது, புதிய ஒளி தனித்த கோடாகப் பிரிந்து தெரிந்தது. மறுநாளே செய்தி நாளிதழ்களுக்குச் சென்றது. இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் தாங்கிய குறிப்பு 'நேச்சர்' இதழில் மார்ச் 31 அன்று வெளிவந்தது. அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் மண்டல்ஸ்டாம், லான்ஸ்பெர்க் என்னும் இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தனர்; அச்சில் முந்தியவர்கள் கல்கத்தாக்காரர்கள்.

பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. அவர் தம் நோபல் உரையில் இராமநாதன், வெங்கடேசுவரன், கிருஷ்ணன் ஆகியோரின் பங்கைக் குறிப்பிட்டார். கிருஷ்ணனின் உழைப்பை இராமன் பறித்துக்கொண்டார் என்று எழுதுவோர் உளர். அது எனக்கு உடன்பாடில்லை. கேள்வியை ஏழு ஆண்டுகள் சுமந்தவர் இராமனே. ஆயினும் கிருஷ்ணனின் பெயரே சொல்லாமல் இப்பாடத்தை நடத்துவதும் நேர்மையாகாது. பின்னாளில் அவர் தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்; 1961-இல் மறைந்தார்.

புதிய ஒளியில் அப்படி என்ன சிறப்பு? ஒளி ஒரு மூலக்கூறில் மோதும்போது, அம்மூலக்கூறின் அணுக்கள் அதிரத் தொடங்கினால், அந்த அதிர்வுக்கு வேண்டிய ஆற்றலை ஒளியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. எடுத்த அளவுக்கு ஒளியின் நிறம் சிவப்பின் பக்கம் நகர்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதிர்வுகள் வேறு. ஆகவே நகர்வுகளும் வேறு. பிரிக்பீல்ட்ஸ் நுண்கலைக் கோயிலில் பாட்டுப் பயிலும் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளி மாறாது. அதுபோல உள்ளே செலுத்தும் ஒளியின் நிறத்தை மாற்றினாலும், அதற்கும் இராமன் கோட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. சாதாரண ஒளிர்வோ கோயில் மணி போன்றது. பாடகர் எந்தச் சுருதியில் பாடினாலும் மணியின் நாதம் ஒன்றுதான். மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து 1920-இல் கட்டுரை எழுதிய இராமன் இந்த ஒப்புமையை மறுத்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

பொருளைத் தொடாமல், கரைக்காமல், எரிக்காமல், அதன் அடையாளத்தை ஒளியாலேயே படிக்கலாம். இவ்வளவு நல்ல முறைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. இராமன் ஒளி மிக மிக மங்கல். உள்ளே செல்லும் ஏறத்தாழ பத்து மில்லியன் ஒளித்துகள்களில் ஒன்றே நிறம் மாறி வெளிவரும். அக்காலத்தில் ஒரு நிறமாலையைப் படமெடுக்க மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அகச்சிவப்புக் கருவிகள் விற்பனைக்கு வந்ததும் வேதியியலாளர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 1960-இல் லேசர் வந்த பிறகே இராமன் முறைக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1970 நவம்பர் 21 அன்று இராமன் பெங்களூரில் காலமானார். இரண்டாம் திருப்பம் அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

1974. இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகம். பிளைஷ்மன், ஹென்ட்ரா, மெக்குவிலன் என்னும் மூவர், மின்கலத்தில் உள்ள வெள்ளித் தகட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும் பிரிடின் என்னும் பொருளை இராமன் முறையில் பார்க்க விரும்பினர். தகட்டின்மேல் ஒட்டுவது ஒற்றை அடுக்கு மூலக்கூறுகளே. அவ்வளவு குறைந்த பொருளிலிருந்து வரும் மங்கிய ஒளியை எப்படிப் பிடிப்பது? ஓர் எளிய வழி கண்டார்கள். மின்சாரத்தை மாற்றி மாற்றிச் செலுத்தி வெள்ளியைச் சொரசொரப்பாக்கினார்கள். மேடுபள்ளம் கூடினால் பரப்பளவு கூடும். பரப்பளவு கூடினால் ஒட்டும் மூலக்கூறுகளும் கூடும். செய்து பார்த்தார்கள். பிரிடினின் இராமன் கோடுகள் அழகாகத் தெரிந்தன. பரப்பளவு கூடியதால் வந்த பலன் என்று எழுதிக் கட்டுரையும் வெளியிட்டார்கள்.

1923-இல் நடந்ததே மீண்டும் நடந்திருக்கிறது, கவனித்தீர்களா? கண்ணெதிரே புதியது ஒன்று நிற்கிறது. பழைய விளக்கம் ஒன்று அதன்மேல் ஒட்டப்படுகிறது. எல்லாரும் மனநிறைவு அடைகிறார்கள்.

இம்முறை கணக்குப் போட்டவர்கள் இரு குழுவினர். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜன்மேர், வான் டைன் ஆகியோர் ஒரு பக்கம். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் ஆகியோர் மறுபக்கம். இரு குழுக்களும் 1977-இல் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. அந்தக் கணக்கை நம் மாணவர் அளவுக்கு இப்படிச் சொல்லலாம். ஒரு வகுப்பில் 30 மாணவர் சேர்ந்து பாடுகிறார்கள். மண்டபத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் 300 மாணவர் நிற்கலாம்; ஓசை பத்து மடங்காகலாம். ஆனால் நம் காதில் விழுவதோ 100,000 மடங்கு ஓசை. அதாவது 3 மில்லியன் மாணவரின் குரல்! மண்டபத்தில் அத்தனை பேர் நிற்க இடமே இல்லை. ஆகவே ஆள் கூடவில்லை. நிற்கும் ஒவ்வொருவரின் குரலும் ஏதோ ஒன்றால் பெருக்கப்படுகிறது. வெள்ளித் தகட்டில் ஒவ்வொரு மூலக்கூறின் இராமன் ஒளியும் நூறாயிரம் முதல் ஒரு மில்லியன் மடங்கு வரை பெருகியிருந்தது. பரப்பளவால் விளக்கக்கூடியது அதில் ஒரு துளியே.

பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் பின்தொடரக்கூடிய கணக்கு இது. ஆனால் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதுதான் பெரிது. (பிளைஷ்மன் என்ற பெயரை வேறோர் இடத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1989-இல் அறை வெப்பநிலையிலேயே அணுக்கருச் சேர்க்கை நிகழ்த்தியதாக அறிவித்து, பிறர் செய்து பார்த்தபோது உறுதிப்படாமல் பெரும் விவாதத்துக்கு ஆளானவர் அவரே. தம் கையில் உண்மையாகவே கிடைத்த புதையலைச் சிறியதென்று எண்ணியவர், பின்னாளில் கிடைக்காததைக் கிடைத்ததென்று நம்பினார்.)

வெள்ளி ஏன் அப்படிப் பெருக்குகிறது? மோஸ்கோவிட்ஸ் என்பவர் 1978-இல் முன்வைத்த விளக்கம் இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் கட்டற்று உலவுகின்றன. வெள்ளியின் மேற்பரப்பில் சில பத்து நானோமீட்டர் அளவுள்ள மேடுகள் இருந்தால், ஒளி படும்போது அங்குள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே தாளத்தில் ஊசலாடும். சரியான நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் வீச்சுக் கூடுவது போன்றது இது. அதனால் மேட்டை ஒட்டிய சிறு இடத்தில் ஒளியின் மின்புலம் பன்மடங்கு வலுவாகிறது. மின்புலம் 10 மடங்கானால் உள்ளே வரும் ஒளியின் செறிவு 100 மடங்கு. நிறம் மாறி வெளியேறும் ஒளிக்கும் அதே வெள்ளி மீண்டும் 100 மடங்கு உதவுகிறது. 100 பெருக்கல் 100, பத்தாயிரம். மின்புலம் 30 மடங்கானாலோ 810,000. இரு வெள்ளித் துகள்கள் மிக நெருங்கி நிற்கும் இடுக்கில் இப்பெருக்கம் இன்னும் கூடுதல். ஒரு தலைமுடியின் தடிமனில் 50 நானோமீட்டர்த் துகள்கள் ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கலாம் என்றால், அந்த இடுக்கு எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளி, தங்கம், செம்பு மூன்றுக்கும் இவ்வியல்பு உண்டு, வெள்ளியே மேலானது. நம் நாட்டில் நாம் பணத்துக்கே 'வெள்ளி' என்கிறோம். அந்த மதிப்பு வீண்போகவில்லை!

இம்முறைக்கு மேற்பரப்பால் மிகுக்கப்பட்ட இராமன் சிதறல் என்பது பெயர். ஆய்வாளர் வழக்கில் 'செர்ஸ்'. நான் இதை வகுப்பில் 'வெள்ளி உரைகல்' என்றே சொல்வேன். கிள்ளான் தெங்கு கிளானா சாலை நகைக்கடைகளுக்குப் பெற்றோருடன் சென்ற பிள்ளைகளுக்கு உரைகல் பற்றிச் சொன்னால் புரியும். பொன்னைச் சொரசொரப்பான கல்லில் உரசி அதன் மாற்றுக் காண்பார்கள். இங்கே உரைகல்லே வெள்ளி; உரசப்படுவது மூலக்கூறு.

இனிப் பயன்பாடு. பொருள் நிறைய இருந்தால் வெள்ளி தேவையில்லை, சாதாரண இராமன் முறையே போதும். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர். 2024 சூனில் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்தால் மாண்டவர் அறுபதுக்கும் மேல். தோட்டப்புறக் காலந்தொட்டுச் சம்சு நம் குடும்பங்களை அழித்த கதையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனாலையும் எத்தனாலையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. மது கலந்தபின் மூக்காலும் நாவாலும் முடியாது. இராமன் நிறமாலையிலோ எத்தனாலின் வலுவான கோடு 880 என்னும் எண்ணருகே நிற்கும், மெத்தனாலுடையது 1,030-ஐ ஒட்டி நிற்கும். 2017-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையடக்க இராமன் கருவியைக் கொண்டு, புட்டியைத் திறக்காமலேயே உள்ளிருக்கும் மதுவில் மெத்தனாலைக் கண்டறிந்து காட்டினர். 1923-இல் இராமநாதன் மங்கிய ஒளியைப் பார்த்த நான்கு திரவங்களில் இவ்விரண்டு சாராயங்களும் அடக்கம் என்பதை மேலே கண்டோம்.

பொருள் மிகச் சிறிதளவே இருக்கும்போதுதான் வெள்ளி உரைகல் வேண்டும். 2008-இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமின் கலக்கப்பட்டு, ஏறத்தாழ 300,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் இறந்தனர். பாலில் புரதம் எவ்வளவு என்று அறிய, வழக்கமான சோதனை நைட்ரஜனை மட்டுமே அளந்தது. மெலமினின் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். நீர் ஊற்றிய பாலில் அதைச் சிறிது கலந்தால் சோதனை ஏமாந்துவிடும். செர்ஸ் முறை நைட்ரஜனை எண்ணுவதில்லை. மெலமின் மூலக்கூறின் அதிர்வையே பார்க்கிறது. அதன்பின் பாலில் மெலமின் தேடும் செர்ஸ் ஆய்வுகள் பெருகின. 2010-இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகக் குழுவினர், மெல்லிய கண்ணாடி போன்ற ஓடு போர்த்திய தங்கத் துகள்களை ஆரஞ்சுப் பழத்தோலில் தூவி, அதில் ஒட்டியிருந்த பாரதயான் பூச்சிமருந்தைக் கண்டறிந்தனர். பக்கத்துச் சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 501 பேரின் மூச்சை வெள்ளிச் சில்லில் படியவைத்து, ஐந்து நிமிடத்துக்குள் கோவிட் தொற்றைக் கண்டறியும் முறையை 2022-இல் வெளியிட்டனர்.

இவ்வளவு இருந்தும் இக்கருவி ஏன் எல்லா மருந்தகங்களுக்கும் வரவில்லை என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. மறுபடியும் கணக்கே காரணம். 1997-இல் நீ, எமரி ஆகியோரும், தனியே நைப் குழுவினரும், ஒற்றை மூலக்கூறையே செர்ஸ் முறையில் கண்டதாக அறிவித்தனர். ஒன்றுக்குப் பின் பதினான்கு சுழியங்கள் இட்ட அளவு பெருக்கம் என்று அப்போது பேசப்பட்டது. நியூசிலாந்தின் வெலிங்டனில் 2007-இல் லெ ரூ, எட்செகோயின் குழுவினர் அதை மீண்டும் கணக்கிட்டு, ஒற்றை மூலக்கூறைக் காண அவ்வளவு பெருக்கம் தேவையே இல்லை என்று காட்டினர். பெருக்கத்தின் அளவு வெள்ளியின் ஒவ்வோர் இடுக்குக்கும் மாறும். மூலக்கூறு இடுக்கில் விழுந்தால் பேரொலி. சற்றுத் தள்ளி விழுந்தால் மெல்லிய குரல். 'இருக்கிறதா' என்பதற்கு விடை எளிது. 'எவ்வளவு இருக்கிறது' என்பதற்கு விடை கடினம். போதாக்குறைக்கு வெள்ளி காற்றில் கறுக்கும். இன்று செய்த சில்லும் அடுத்த மாதம் செய்த சில்லும் ஒரே அளவு காட்டுவது அரிது.

நீரிழிவுக்கு வேண்டியதோ 'எவ்வளவு' என்னும் விடை. நம் சமூகத்தில் இந்நோய் இல்லாத வீடு குறைவு. 1977-இல் கணக்குப் போட்ட அதே வான் டைன், 2003-இல் குளுக்கோசை வெள்ளியின்மேல் கண்டறியும் வழியை வெளியிட்டார். சர்க்கரை வெள்ளியோடு எளிதில் ஒட்டாது. ஆகவே இடையில் அதைப் பிடித்து வைக்கும் மூலக்கூறுகளை ஓர் அடுக்காகப் பரப்பினார். 2006-இல் உயிருள்ள எலியின் உடலுக்குள் அத்தகைய தகட்டை வைத்துச் சர்க்கரையை அளந்து காட்டியது அவரது குழு. 2019-இல் அவர் காலமானார். கிள்ளானில் உள்ள மருந்தகத்தில் இன்றும் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைப் பட்டையில் தொட்டுத்தான் சர்க்கரை பார்க்கிறார்கள். பட்டை சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது, எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டுகிறது. வெள்ளிச் சில்லு இன்னும் அந்த நிலையை எட்டவில்லை.